கொழுந்துத் தராசு டேட்டா: சாக்கெட் டைம்அவுட் வைத்தபின் நிறுவை இரண்டு தடவை பதிவாகிறது

கேள்வி:
பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) மின்தராசு, ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, 4ஜி டொங்கிள். ஒவ்வொரு நிறுவையும் பைதன் டிசிபி சாக்கெட்டில் (நெட் இணைப்பு) ஃபெக்டரி சேர்வருக்குப் போகும்; அது 40 பைட் பதில் தரும். பனி இறங்கினால் சிக்னல் போய், புரோகிராம் பதிலை வாசிக்கும் 'ரிசீவ்' வரியிலேயே நிற்கிறது, எரரும் இல்லை. காத்திருக்கும் நேரத்துக்கு எல்லை போடும் 'செட்டைம்அவுட்' 10 வினாடி வைத்தேன். இப்போது தொங்குவதில்லை, ஆனால் ஒரே கூடை இரண்டு தடவை ஏறுகிறது. சேர்வரில் பிழையா?

பதில் 1:
பனியைக் குறை சொல்ல வேண்டாம், 4ஜி அலைக்கு அது பெரிய தடையில்லை. மலை மடிப்பைப் பாருங்கள்.

மறுமுனை சொல்லாமல் போனால் 'ரிசீவ்' காத்துக்கொண்டே இருக்கும். மறுமுனை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் தானாக இயங்காது. போட்டாலும் லினக்ஸ் 7200 வினாடி சும்மா இருந்துவிட்டு, பிறகு 75 வினாடி இடைவெளியில் 9 தடவை தட்டிப் பார்க்கும். அதாவது 2 மணி 11 நிமிடம்!

உங்கள் 10 வினாடி ஒவ்வொரு 'ரிசீவ்' அழைப்புக்கும் தனித்தனி. சேர்வர் 9 வினாடிக்கு ஒரு பைட் சொட்டவிட்டால் 6 நிமிடம் போகும், டைம்அவுட் வராது. ஆகவே தொடக்கத்திலேயே 'மோனோடோனிக்' (பின்னோக்கிப் போகாத கடிகாரம்) நேரத்தோடு 15ஐக் கூட்டிக் கெடு வையுங்கள்; ஒவ்வொரு 'ரிசீவு'க்கும் முன் மீதி வினாடியை 'செட்டைம்அவுட்'டுக்குக் கொடுங்கள். சாதாரண 'டைம்' வேண்டாம்: பை 4இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, நெட் வந்ததும் நேரம் குதிக்கும்.

பதில் 2:
சேர்வர் நிறுவையைப் பதிந்துவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது. நீங்கள் மறுபடி அனுப்புகிறீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

அனுப்பும் பக்கம் இன்னும் மோசம். அனுப்பும் 'சென்ட்ஆல்' வெற்றியாகத் திரும்பினால் கர்னல் பஃபரில் (பையின் லினக்ஸ் வைத்திருக்கும் தற்காலிக இடம்) விழுந்தது என்று மட்டுமே அர்த்தம். சின்னப் பதிவுக்குப் பஃபர் நிரம்பாது, டைம்அவுட்டும் வராது. கர்னலோ உள்ளே 15 நிமிடத்துக்கு மேல் திருப்பித் திருப்பி அனுப்பிப் பார்க்கும். அந்த முயற்சிக்கு எல்லை போட 'டிசிபி யூசர் டைம்அவுட்' 20000 வையுங்கள். அது மில்லிவினாடி, 20 என்று போட்டுவிடாதீர்கள்.

டைம்அவுட் வந்த சாக்கெட்டை மூடிவிடுங்கள். அதிலேயே தொடர்ந்தால் முந்தின கூடைக்குப் பிந்தி வரும் பதிலை அடுத்த கூடையின் பதிலென்று வாசிப்பீர்கள். அனுப்புமுன் பையிலேயே எஸ்க்யூலைட்டில் (ஒரே ஃபைலில் இயங்கும் டேட்டாபேஸ்) எழுதி, சேர்வர் ஒப்புக்கொண்ட பிறகே அழியுங்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் ஓர் அடையாள எண் கொடுங்கள்; மறுபடி அனுப்பும்போதும் அதே எண். சேர்வர் டேபிளில் அந்த எண்ணின் கொலத்தை (நிரல்) யுனீக் ஆக்குங்கள், ஒரே எண் இரண்டு தடவை ஏறாது. ஏற்கெனவே உள்ள எண் வந்தால் சேர்வர் எரர் சொல்லக்கூடாது, "சரி" என்றே பதில் தர வேண்டும். மீள்முயற்சி 2, 4, 8 என்று 60 வினாடி வரை, கொஞ்சம் ரேண்டமும் கலந்து. இல்லாவிட்டால் மத்தியான நிறுவைக்கு எல்லா மடுவமும் ஒரே நேரத்தில் சேர்வரை மொய்க்கும்.

கேள்வி கேட்டவர்:
அடையாளத்துக்குத் தராசு எண்ணும் நேரமும் போதுமா?

பதில் 1:
போதாது. குதிக்கிற கடிகாரம் ஒரே நேரத்தை இரண்டு கூடைக்குத் தரும். தராசு எண்ணோடு எஸ்க்யூலைட்டின் ஏறுவரிசை எண்ணைச் சேருங்கள். அழித்த எண் திரும்ப வராமலிருக்க டேபிளில் 'ஆட்டோஇன்க்ரிமென்ட்' போடுங்கள்.