கட்டிளையோர் உளமருத்துவ விடுதியில் ‘ஸ்கிரீனிங்’: ‘முன்வினவல்’ என ஆளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உளமருத்துவ விடுதியில் சேரும் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள் எல்லாரிடமும் போதைப்பொருள் பாவனை பற்றிக் கேட்டுப் பதிவதற்கு, யாழ்ப்பாணத்துப் பாவனைக்கு ஏற்ற தமிழ்ப் படிவம் ஒன்று எழுதி வருகிறோம். ‘ஸ்கிரீனிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடித் தலைப்பிலேயே முட்டுப்படுகிறது. ‘திரையிடல்’ என்றால் தியேட்டர் நினைவுதான் வரும். ‘சோதனை’ என்ற சொல்லோடு இந்த மண்ணில் சாவடியும் சேர்ந்தே வருகிறது. ‘விசாரணை’ பொலிசுக்குரியது. ‘சலித்தல்’, ‘கொழித்தல்’ என்று சுளகுப் பக்கம் போனால் பிள்ளை பதராகிவிடும். ‘கண்டறிதல்’ எல்லாவற்றிலும் மோசம். அது நோயை நிர்ணயிக்கும் வேலை. இது அந்த வேலையே அல்ல. ஆரை இன்னும் ஆழமாகப் பார்க்கவேணும் என்று மட்டும் இது சொல்லும்.

என் முன்மொழிவு ‘முன்வினவல்’: முழு மதிப்பீட்டுக்கு முன்னர், எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்கும் குறுகிய வினாவல்.

நடைமுறையைச் சொன்னால் சொல் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். 12 முதல் 21 வயதினருக்கென அமெரிக்காவின் பொஸ்ரனில் உருவான ‘கிராஃப்ட்’ வினாக்கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 12 மாதங்களில் மதுசாரம் எத்தனை நாள், கஞ்சா எத்தனை நாள், வேறு பொருட்கள் எத்தனை நாள் என்று அது தொடங்கும். “பாவிக்கிறனீரோ?” என்று கேட்டால் “இல்லை” என்பது வாயில் தயாராக இருக்கும், “எத்தனை நாள்?” என்றால் பிள்ளை எண்ணிப் பார்க்கும். எல்லாம் பூச்சியம் என்றால் வாகனக் கேள்வி ஒன்றோடு நிறுத்தலாம். ஒரு நாளேனும் இருந்தால் ஆறும் கேட்கவேணும்: போதையில் இருந்தவர் ஓட்டிய, அல்லது தானே அப்படி ஓட்டிய வாகனத்தில் போனதுண்டா, மனம் ஆறவோ கூட்டத்தோடு சேரவோ பாவித்ததுண்டா, தனியே இருந்து பாவித்ததுண்டா, அந்நேரம் செய்தது மறந்ததுண்டா, வீட்டாரோ கூட்டாளிகளோ குறைக்கச் சொன்னார்களா, அதனால் சிக்கலில் மாட்டியதுண்டா. இரண்டு ‘ஆம்’ வந்தாலே மேலாய்வு.

வாகனம் என்றதும் இங்கே மனதில் வருவது மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை. அதை வெளிப்படையாக எழுதாவிட்டால் “எங்களிட்ட கார் இல்லை” என்ற பதிலோடு கேள்வி முடிந்துவிடும். பொருட்பட்டியலில் கள்ளு, கசிப்பு, மாவா, கஞ்சா, ஹெரோயின், ஐஸ் (மெதம்பெற்றமின்), குளிசை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்களே வரவேணும். ‘குளிசை’ என்பதன் கீழ் நரம்புநோவுக்கான பிரிகபலின், கடும்நோவுக்கான ட்ரமடோல் இரண்டையும் தனித்தனியே கேட்கவேணும்.

உளமருத்துவ விடுதியில் இன்னொரு கரைச்சல் உண்டு. குழப்ப நிலையில் வந்த பிள்ளையிடம் ஆறு கேள்வியும் கேட்டுப் பயனில்லை. மறதிக்கு நோயும் காரணமாகலாம், அமைதிப்படுத்தப் போட்ட ஊசியும் காரணமாகலாம். ஆனால் கேட்காமல் விடவும் முடியாது. ஹெரோயினை விட்ட உடல் பெரும்பாலும் 8 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வருத்தத் தொடங்கும். வயிற்றோட்டமும் உடல்நோவும் அமைதியின்மையும் மனநோயின் பதற்றமாகத் தோன்றும். ஆகவே முதல் நாளே என்ன, எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் கேட்டுவிட்டு, தெளிந்த பிறகு முழு முன்வினவலை வைக்கவேணும். பாவனையை நிறுத்தி ஒரு மாதமளவு கடந்தும் மனநோய்க் குறிகள் தொடர்ந்தால், போதையால் மட்டும் வந்தது என்ற எண்ணத்தை மறுபரிசீலனை செய்யவேணும். கடைசியாகப் பாவித்த நாள் பதிவில் இல்லாவிட்டால் அந்த மாதத்தை எங்கிருந்து எண்ணுவது?

– உளமருத்துவர், யாழ்ப்பாணம்

*

டொக்டர் அவர்களுக்கு வணக்கம்.

சொல் நல்லது. ஆனால் விடுதியில் சிறுநீரையும் எடுக்கிறோம். அதை ‘வினவல்’ என்று எழுத முடியாது. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம் என்பது என் வாதம். ஒன்றாக எழுதினால், சிறுநீரில் தோய்க்கும் பரிசோதனைப் பட்டியைப் பார்த்துவிட்டோம், இனிக் கேட்கத் தேவையில்லை என்ற பழக்கம் வந்துவிடும். ஹெரோயின் வகைக்கான சாதாரண ஓபியேற் பட்டி ட்ரமடோலைக் காட்டாது. பிரிகபலினுக்குத் தனிப்பட்டி வேணும். பென்சோடயசெபின் எனும் அமைதிமருந்து வகையில் ஒன்றான குளொனசெபாமை அந்த வகைக்கான பல பட்டிகள் தவறவிடும். ஒருமுறை புகைத்த கஞ்சா ஏறக்குறைய 3 நாள் தெரியும். நாளாந்தம் புகைத்தவரில் ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம். ஐஸ் பொதுவாக 2 முதல் 4 நாளில் மறையும். கேட்டால்தான் வரும் விடயம் நிறைய.

மறுபக்கமும் உண்டு. பிள்ளை ஆவேசமாக வந்தால் அதே வகை மிடசோலமோ லொறசெபாமோ கொடுப்போம். அதன்பின் எடுத்த சிறுநீரில் பென்சோடயசெபின் காணப்பட்டால் அது நாங்கள் ஏற்றியதாக இருக்கலாம். புரோமெதசின், குளோர்புரோமசின் போன்ற மருந்துகள், ஐஸ் வகையைப் பார்க்கும் சில அம்பெற்றமின் பட்டிகளில் பொய்யாகக் காட்டும். பிள்ளையின் கொப்பியில் “ஐஸ்” என்று எழுதிவிட்டால் பிறகு அழிக்க ஆளில்லை. ஊசிக்கு முன் எடுக்க முடிந்தால் எடுக்கவேணும். முடியாவிட்டால் ஊசியின் பெயரும் நேரமும் மாதிரி எடுத்த நேரமும் பக்கத்திலேயே இருக்கவேணும். என்ன பரிசோதனை என்று பிள்ளைக்குச் சொல்லாமல் சிறுநீர் எடுப்பது கூடாது. தெரியவந்த அன்றோடு அந்தப் பிள்ளை எங்களோடு கதைப்பதை நிறுத்திவிடும்.

‘நேர்மறை’, ‘எதிர்மறை’ இரண்டையும் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ‘நேர்மறை’ என்றால் நல்ல செய்தி என்றே தாய் தகப்பன் விளங்குவார்கள். தாதிமாருக்கும் இடறும்: இந்தப் பட்டிகளில் சோதனைக் கோடு தெரிந்தால், மங்கலாகத் தெரிந்தாலும், அந்தப் போதைப்பொருள் எல்லைப் பெறுமானத்துக்கு (கணக்கில் எடுக்கும் ஆகக்குறைந்த அளவுக்கு) கீழே என்று அர்த்தம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டிக்கு நேரெதிர். பட்டி வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் அந்தப் பட்டி செல்லாது, புதிதாக ஒன்று வேணும். ‘காணப்பட்டது’, ‘காணப்படவில்லை’ என்று எழுதினால் குழப்பமில்லை. கேள்விப் பகுதிக்கு ‘மேலாய்வு வேணும்’, ‘இப்போது வேண்டாம்’ போதும்.

இன்னுமொன்று. கட்டிலுக்குப் பக்கத்தில் தாய் இருக்கையில் கேட்டால் எல்லாம் பூச்சியம்தான் வரும். தனியே கேட்கவேணும், உயிருக்கு ஆபத்தான விடயம் தவிர மற்றதை வீட்டாருக்குச் சொல்லமாட்டோம் என்று கேட்கமுன்னரே சொல்லவேணும். அங்கே ‘முன்வினவல்’ என்ற சொல்லே வாயில் வரத் தேவையில்லை. “இஞ்ச வாற எல்லாரிட்டையும் கேக்கிறதுதான் தம்பி, உம்மட்ட மட்டுமில்லை” என்றால் காணும்.

– தாதி உத்தியோகத்தர், உளமருத்துவ விடுதி

*

டொக்டருக்கும் தங்கச்சிக்கும்,

19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீனின் மானிப்பாயில் இருந்துகொண்டு ‘ஸ்கிரீனிங்’ என்று எழுத மனம் வரவில்லை. ‘முன்வினவல்’ நிற்கும். வினையாகவும் வரும்: முன்வினவினார், முன்வினவப்பட்டவர். படிவம் ‘முன்வினவற் படிவம்’. லகரம் றகரமாகத் திரியும், ‘முன்வினவல்ப் படிவம்’ என்று அச்சிட்டுவிடாதீர்கள். ‘முன்’ என்பதை ‘எதிரில்’ என்று எடுத்துவிடுவார்களோ என்று யோசித்தேன். ‘முன்பதிவு’, ‘முன்பணம்’ பழகிய காதுக்கு அந்தச் சிக்கல் வராது.

தங்கச்சி பிரித்தது சரி. சிறுநீருக்குப் புதுச்சொல் வேண்டாம். ‘சிறுநீர்ப் போதைப்பொருட் பரிசோதனை’ என்று முழுதாகவே எழுதலாம். ‘எல்லைப் பெறுமானம்’ என்பதை இரண்டு பகுதிக்கும் பொதுவாக வைக்கலாம்: வினாவில் 2 ‘ஆம்’, கஞ்சாப் பட்டி பலவற்றில் மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம்.

மிஞ்சியிருப்பது முன்வினவலுக்குப் பிறகு வரும் குறுகிய ஆற்றுப்படுத்தற் பேச்சுக்கான சொல். ‘சிறு தலையீடு’ என்று எழுதுகிறார்கள். தலையீடு என்றால் எங்கள் ஊரில் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பது. ‘குறுந்துணையுரை’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். 5 முதல் 15 நிமிடப் பேச்சுக்கு அது பொருந்துமா என்று பேசுபவர்கள்தான் சொல்லவேணும்.

– தமிழாசிரியர், மானிப்பாய்