சாமியார் வராத ஞாயிறு: தான்சானியா கிராமங்களில் பொதுநிலையினர் பணி

தான்சானியாவில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் கீழ் பல கிகாங்கோக்கள் இருக்கும், நம்மூர்க் கணக்கில் கிளைப்பங்குகள். சாமியார், அதாவது குரு, மாதம் ஒருமுறை வந்தாலே பெரிது. மற்ற ஞாயிறுகளில் வழிபாடு கடேகிஸ்டா பொறுப்பு, அதாவது உபதேசியார். வெளிநாட்டிலிருந்து போகிறவர் கூட நிற்பவர்தான். பங்குத்தந்தை கேட்டுக்கொண்டால் ஒழிய முன்னால் போகாதீர்கள்.

குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கு ரோம் 1988-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி குருவின் இருக்கையில் பொதுநிலையினர், அதாவது குருப்பட்டம் பெறாதவர்கள், உட்காரக் கூடாது. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" கிடையாது. திருப்பலியில் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டில் ஒரு வரிகூட எடுத்துச் சொல்லக் கூடாது. மறையுரைக்குப் பதில் பங்குத்தந்தை எழுதிக் கொடுத்ததை வாசிக்கலாம். நாக்கு தவறுவது பெரும்பாலும் கடைசியில்தான். "உங்களை ஆசீர்வதிப்பாராக" என்று கை தூக்காமல், "நம்மை" என்று சொல்லித் தன்மேல் சிலுவை வரைய வேண்டும்.

நற்கருணை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்) கொண்டுபோக அனுமதி பெற்றவர், எத்தனை பேர் வாங்குவார்கள் என்று முந்தின நாளே கடேகிஸ்டாவிடம் கேட்டுவிடுவது நல்லது. கூட வைத்துப் போனால் மிச்சமாகும். நற்கருணை வைக்கும் பேழை இல்லாத கோவிலில் மிச்சத்தை அங்கேயே உட்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நேராகப் பங்குக் கோவிலுக்குத் திரும்ப வேண்டும். வழியில் சந்தையில் இறங்கி வெங்காயம் வாங்குவதெல்லாம் ஆகாது. காணிக்கையை ஊர்ப் பொருளாளரும் இன்னும் இருவரும் எண்ணி நோட்டில் எழுதட்டும். உங்கள் கை அதில் படவே வேண்டாம்.

* * *

மேலே சொன்னதோடு அவசர ஞானஸ்நானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாகக் கிடக்கும் குழந்தைக்கு யாரும் கொடுக்கலாம்: தலையில் தண்ணீர் வழிந்து ஓட வேண்டும், ஊற்றும்போதே "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்ற வாய்பாட்டை முழுதாகச் சொல்ல வேண்டும். ஈரத்துணியால் நெற்றியைத் தொட்டுவிட்டால் பிறகு செல்லுபடியானதா என்ற சந்தேகம் வரும். குழந்தை பெயர், தாய் தகப்பன் பெயர், தேதி, ஒரு சாட்சி, இவற்றை அன்றைக்கே எழுதிப் பங்குத்தந்தையிடம் சேர்த்துவிடுங்கள். குழந்தை பிழைத்தால் எண்ணெய் பூசுவது முதலான மீதிச் சடங்குகளை மட்டும் அவர் கோவிலில் முடிப்பார். சீட்டு இல்லாவிட்டால்தான் சிக்கல். யாருக்கும் நினைவில்லாமல் இரண்டாம் முறை ஊற்றிவிடுவார்கள்.

* * *

கோவில் வேலை வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் தண்ணீர்ப் பிரச்சினை. அங்கே பல கிராமங்களில் நிற்பது நம்ம இந்தியா மார்க் 2 அடிபம்புதான், தமிழ்நாட்டுக்காரருக்குப் பழகிய முகம். கெட்டுப்போனால் உடனே பிரிக்காதீர்கள். தண்ணீர் வரும்வரை அடித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். மறுபடி அடிக்கும்போது தண்ணீர் வர ஐந்து அடிக்கு மேல் ஆனால் ஃபுட் வால்வோ (அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிப்பது) பைப் இணைப்போ ஒழுகுகிறது. உடனே வந்தும் 40 அடிக்கு 15 லிட்டர் தேறாவிட்டால் முதலில் பிஸ்டனில் உள்ள கப் வாசரைச் சந்தேகப்படலாம்.

வாசர் மலிவு, அதை மாற்றுவதுதான் பாடு. மார்க் 2-இல் பிஸ்டனை எடுக்க 3 மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தாக வேண்டும். கிளாம்ப் சரியாகப் பிடிக்காவிட்டால் மொத்தப் பைப்பும் கிணற்றுக்குள் போய்விடும். மார்க் 3-இல் பைப் அகலம், பிஸ்டன் தனியாக மேலே வரும். புதிதாகப் போட ஊர் கேட்டால் அதையோ அஃப்ரிதேவ் என்ற இன்னொரு வகை அடிபம்பையோ சொல்லுங்கள். தண்ணீரில் அமிலத்தன்மை இருந்தால் ஜிஐ பைப் துருப்பிடித்துச் செந்நிறமாக வரும். அங்கே பிவிசி பைப் உள்ள அஃப்ரிதேவ்தான் தாங்கும். எதுவானாலும் வாசர் வாங்கும் காசு ஊர்த் தண்ணீர்க் குழுவின் வசூலிலிருந்தே போகட்டும். உங்கள் பையிலிருந்து ஒருமுறை போனால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு பம்பு அப்படியே நிற்கும்.

* * *

நேரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். சுவாகிலியில் மணி சூரியன் எழுவதிலிருந்து ஓடும். ஜுமுய்யா கூட்டம், நம் அன்பியம் மாதிரி வீட்டில் கூடுவது, "சா தாத்து" என்றால் மூன்று மணி அல்ல, காலை 9. வாசலில் "ஹோடி" சொல்லி, உள்ளேயிருந்து "கரிபு" வந்த பிறகே நுழையுங்கள். பெரியவர்களுக்கு "ஷிகமோ". கோவில்காரர் "தும்சிஃபு யேசு கிறிஸ்து" என்றால் பதில் "மிலேலே அமினா".