வாட்டர் ஃப்ளாசர் போட்டால் ரத்தம் வருகிறது, நிறுத்திவிடலாமா? (அவசரம்)

தேன்மொழி_கோவை
வணக்கம். பல் இடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாசர் வாங்கி நான்கு நாள் ஆகிறது. முதல் நாளிலிருந்தே ஈறில் ரத்தம். இன்று வாஷ்பேசினில் விழுந்த தண்ணீரே ரோஸ் நிறமாகிவிட்டது. இயந்திரத்தில் கோளாறா, ஈறு கிழிந்துவிட்டதா? திருப்பி அனுப்ப இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஈரோட்டு ராசு
எந்த அழுத்தத்தில் வைத்தீர்கள்? வயது என்ன? சர்க்கரை உண்டா? ரத்தம் ஓரிடத்தில் மட்டும் வருகிறதா, வாய் முழுக்கவா?

கடையநல்லூரான்
தண்ணீரைப் பாருங்கள் சகோதரி. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். ஆறு மாதத்தில் முனைத் துளையில் வெள்ளைப் பொருக்கு கட்டி, நீர் நேராக வராமல் இரண்டாகப் பிரிந்து ஈறில் ஊசிபோலக் குத்தியது. வினிகர் கலந்த நீரில் ஊறவைத்த பிறகுதான் சரியானது. உங்களுக்கும் உப்புத்தண்ணீர்தான் காரணம்.

ஈரோட்டு ராசு
நான்கு நாளில் எங்கே பொருக்குக் கட்டும்?

முத்துவேல்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். நல்ல ஈறு தண்ணீர் பட்டதற்கெல்லாம் ரத்தம் விடாது. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் அழுக்குப் படலம் நாள்கணக்கில் தங்கினால் அந்த இடம் வீங்கிச் சிவந்துவிடும். லேசாகத் தொட்டாலே கசியும். இயந்திரம் அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். பயந்து நிறுத்தினால் படலம் மேலும் சேரும். அழுத்தத்தை ஆகக் குறைவாக வையுங்கள். வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். முனை ஈறைத் தொடக் கூடாது, பல்லுக்கு நேர்செங்குத்தாக இருக்க வேண்டும். ஒவ்வோர் இடுக்கிலும் ஓரிரு நொடி நிறுத்தி நகர்த்துங்கள். பிரஷ்ஷுக்கு மாற்றாக இதை நினைத்துவிடாதீர்கள். ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும். குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் போங்கள்.

தேன்மொழி_கோவை
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். எனக்கில்லை, அம்மாவுக்கு. வயது 61. சர்க்கரை இல்லை. நன்றாகச் சுத்தமாகட்டும் என்று முழு அழுத்தத்தில் வைத்திருந்தோம். கீழ் முன்பற்களின் பக்கம்தான் அதிகம் வருகிறது.

முத்துவேல்
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேரின் நேரம் மிச்சமாகியிருக்கும்.

வெண்ணிலா (பல் மருத்துவ மாணவி)
அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ சுண்ணாம்புபோல ஒட்டியிருக்கிறதா? நாக்கால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா? உமிழ்நீர் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. அதனால் படலம் அந்த இடத்தில் சீக்கிரம் இறுகிக் காரையாகிவிடும். காரையாகிவிட்டால் எந்த ஃப்ளாசராலும் போகாது, பல் மருத்துவரிடம் போய்க் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்தான் செய்ய வேண்டும். இன்னொன்று: அம்மா தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?

கீழத்தஞ்சை
ஸ்கேலிங் மட்டும் வேண்டாம் அம்மா. என் அத்தை நன்றாகத்தான் இருந்தார். கிளீனிங் செய்த மறுவாரம் முன்பல் இரண்டும் ஆடின. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மாவா சொன்னார்கள்? வேப்பங்குச்சி போதும்.

முத்துவேல்
வேல் என்றால் வேம்பு இல்லை, வேலமரம். பழமொழி சொல்பவர்கள் பொருள் தெரிந்து சொல்ல வேண்டும்.

கீழத்தஞ்சை
எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக வேப்பங்குச்சிதான். மரத்தின் பெயரை உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை.

கடையநல்லூரான்
கருவேலங்குச்சிதான் ஐயா. எங்கள் தாத்தா கடைசிவரை அதில்தான் பல் துலக்கினார்.

வெண்ணிலா (பல் மருத்துவ மாணவி)
எந்த மரமானாலும் குச்சி பல் இடுக்குக்குள் போகாது. அத்தைக்கு நடந்ததைச் சொல்கிறேன், இந்தப் பயத்தாலேயே பலர் பல்லை இழக்கிறார்கள். காரை பல ஆண்டுகளாகச் சேரும்போது ஈறு கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் கரைகிறது. அந்த நிலையில் காரைதான் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பூசியதுபோல நிறுத்தி வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. பல்லை ஆட்டியது நோய். பத்து வருடம் முன்பே எடுத்திருந்தால் ஆடியிருக்காது. தேன்மொழி அக்கா, மாத்திரை பற்றிச் சொல்லவே இல்லையே?

தேன்மொழி_கோவை
ஆமாம், இதயத்தில் ஸ்டென்ட் (ரத்தக்குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து எட்டு மாதம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோகிரலும் சாப்பிடுகிறார். அதனால்தான் ரத்தமா? நாளையிலிருந்து நிறுத்திப் பார்க்கட்டுமா?

வெண்ணிலா (பல் மருத்துவ மாணவி)
நிறுத்தவே கூடாது அக்கா. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதோடு ஒப்பிட்டால் ஈறில் கசியும் ரத்தம் ஒன்றுமே இல்லை. இந்த மாத்திரைகளால் ரத்தம் நிற்கக் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் கசிவு தொடங்கும் இடம் வீங்கிய ஈறுதான். இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள். மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பார்க்கும்வரை முழு அழுத்தம் வேண்டாம்.

ஈரோட்டு ராசு
பிபி மாத்திரையும் உண்டா? அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்து வளரும். என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கீழத்தஞ்சை
அம்மாவுக்கு இதய நோய் இருப்பது தெரியாமல் எழுதிவிட்டேன். மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் வேல் என்பது வேம்புதான்.

*(பன்னிரண்டு நாள் கழித்து)*

தேன்மொழி_கோவை
கீழ்ப் பற்களுக்குப் பின்னால் காரை இருந்தது. இரண்டு முறையாக எடுத்தார்கள். மாத்திரையை நிறுத்தவில்லை. இப்போது குறைந்த அழுத்தத்தில் போடுகிறார், நேற்றும் இன்றும் தண்ணீரில் நிறம் இல்லை. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பவில்லை. வெண்ணிலாவுக்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.

ஈரோட்டு ராசு
மகிழ்ச்சி. இரண்டு முறைக்கும் சேர்த்து எவ்வளவு ஆனது? பிபி மாத்திரை பற்றிக் கேட்டீர்களா?