பிளக்கைப் பிடுங்கினால் தேதி 2002-க்குப் போய்விடுகிறது, உதவுங்கள்

பழையபெட்டி:
அப்பா பயன்படுத்திய மேசைக் கணினி. ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காலையில் போட்டால் 2002 ஜனவரி 1 காட்டுகிறது. பிளக்கைத் தொடாமல் ஷட்டவுன் மட்டும் செய்தால் தேதி சரியாக இருக்கிறது. 2002 காட்டும் நாட்களில் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்கிறது. வைரஸா? அப்பா எழுதிய குறிப்புகள் முழுக்க இதில்தான் உள்ளன, பயமாக இருக்கிறது.

சால்டர்கம்பி:
வைரஸ் இல்லை, குறிப்புகளுக்கும் ஆபத்தில்லை. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும்: சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரச் சில்லை ஓட்டுவது அதுதான். பிளக் சொருகியிருந்தால் பவர் சப்ளை கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் ஷட்டவுனில் தப்பிக்கிறது. நோயைப் பாதி நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாள் உண்டு. 2002-ல் நிற்கும் கணினிக்கு அவை இன்னும் பிறக்கவே இல்லை.

பேட்டரியைக் கழற்றுமுன் பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) திரைகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். அந்த அமைப்புகளும் அழிந்திருக்கலாம்.

பழையபெட்டி:
நன்றி அண்ணா. ஆனால் ஏன் 2002? 1970 என்று காட்டும் என்றல்லவா படித்தேன்?

சால்டர்கம்பி:
1970 ஜனவரி 1 யூனிக்ஸ் இயங்குதளம் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாள். டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு அது 1980 ஜனவரி 1. உங்களுடையது பயாஸ் எழுதியவர்கள் வைத்த நாள். பெரும்பாலும் போர்டு தயாரான காலத்தை ஒட்டியிருக்கும். நேரம் தொலைந்தால் கணினி கண்டபடி ஊகிப்பதில்லை, தன் தொடக்கப் புள்ளிக்குத் திரும்புகிறது. அந்தத் தேதியைப் பார்த்தே தொலைத்தது யார் என்று சொல்லிவிடலாம்.

ஆப்பிள்காரன்:
என் பழைய மேக்கின்டோஷ் 1904 காட்டியது. நான்கால் வகுபட்டாலும் 1900 லீப் ஆண்டு அல்ல; 1904-லிருந்து எண்ணினால் 2099 வரை நான்கில் ஒன்று லீப் என்ற எளிய கணக்கே போதும். எனக்குப் பிடித்த பொறியியல் முடிவுகளில் ஒன்று. ஆனால் பழைய மேக் வைத்திருப்பவர்கள் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். உள்ளே இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி கசிந்தால் போர்டையே அரித்துவிடும். உடனே திறந்து பாருங்கள்.

பழையபெட்டி:
என் பழைய பேட்டரி மல்டிமீட்டரில் 1.4 வோல்ட்தான். புதியது போட்டேன், ராத்திரி முழுக்கப் பிளக் இல்லாமலும் நேரம் நின்றது. ஆனால் போன மாதம் நான் சேமித்த கோப்புகள் 2002 தேதியிலேயே கிடக்கின்றன.

சால்டர்கம்பி:
அவை தானாக மாறாது. 2002 தேதி உள்ளவற்றை வரிசைப்படுத்தி, அப்பாவுடையவற்றோடு கலக்குமுன் தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.