எங்கள் எம்.பி. அந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று எங்கே பார்ப்பது?

மேலூர் ஒருபோகம்:

வணக்கம். மேலூருக்குப் பக்கத்தில் விவசாயம். பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒருபோகம் நெல் போடுகிறவன். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை போன கூட்டத்தில் எங்கள் ஊர்ச் சனம் முழுக்க இருந்தது. அந்த மாதமே ஏலம் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். சரி. ஆனால் டங்ஸ்டன் மாதிரியான கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விடலாம் என்று 2023ல் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் போட்டதால்தான் இந்த ஏலமே வந்தது. அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒருத்தர், அந்த மசோதாவை நம் எம்.பி. எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்கிறார். இன்னொருத்தர், வாயைத் திறக்கவில்லை என்கிறார். எனக்குச் சண்டை வேண்டாம், ஏடு வேண்டும். எங்கள் தொகுதி மதுரை, எம்.பி. சு. வெங்கடேசன். 2019லிருந்து அவர் போட்ட ஓட்டெல்லாம் எங்காவது பட்டியலாக இருக்கிறதா?

செல்லூர்:

பி.ஆர்.எஸ். என்ற அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிப் பக்கம் உண்டு. வருகை, கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதா எல்லாம் கிடைக்கும். ஆனால் ஓட்டு விவரம் அதில் இல்லை.

தெற்கு மாசி வீதி:

தம்பி, நான் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் துறை பற்றி எந்த மசோதா வந்தாலும் சங்கத்திலிருந்து எம்.பி.க்களைப் பார்த்து மனு கொடுப்போம். அப்புறம் யார் என்ன செய்தார்கள் என்று அவை நடவடிக்கைக் குறிப்பைத் தேடி எடுப்போம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நீங்கள் தேடுகிற பட்டியல் கிடையாது. யாரும் ஒளித்து வைக்கவில்லை, எழுதவே இல்லை. அந்தக் கனிமத் திருத்த மசோதா 2023 ஜூலை 28ல் மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மணிப்பூர் பிரச்சினைக்காக எதிர்க்கட்சிகள் முழக்கம் போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தொடர் அது. சபாநாயகர் இருக்கையில் இருப்பவர் ஆதரிப்பவர்கள் சொல்லுங்கள் என்பார், ஒரு சத்தம். எதிர்ப்பவர்கள் சொல்லுங்கள் என்பார், இன்னொரு சத்தம். ஆதரவே அதிகம் என்று அறிவித்தால் முடிந்தது. யார் பெயரும் ஏறாது. ஆகவே உங்கள் டீக்கடையில் இரண்டு பேருமே ஓட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அன்றைக்கு யார் பேசினார்கள் என்று மட்டும்தான் பார்க்கலாம். ஆகஸ்ட் 2ல் மாநிலங்களவைக்குப் போனபோது அ.தி.மு.க.வின் தம்பிதுரை ஆதரித்துப் பேசியது குறிப்பில் இருக்கிறது. டங்ஸ்டன் போராட்டத்தின்போது சட்டமன்றத்தில் அதை எடுத்துவைத்துத்தான் வாக்குவாதம் நடந்தது. பேச்சு மிஞ்சியது, ஓட்டு மிஞ்சவில்லை.

இது ஏதோ ஒரு மசோதாவுக்கு நேர்ந்தது இல்லை, பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் போகின்றன. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களைத் தனியாருக்கு விட வழி செய்த திருத்தம் 2021 ஆகஸ்ட் 2ல் மக்களவையில் விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் போனது. எங்களுக்கு வயிறு எரிந்தது. வேளாண் சட்டங்கள் 2020 செப்டம்பர் 20ல் மாநிலங்களவையில் எப்படிப் போயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிவிஷன், அதாவது பெயர் பதிவாகிற வாக்கெடுப்பு கேட்டார்கள், உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். மறுநாள் 8 பேர் இடைநீக்கம்.

டிவிஷன் நடப்பது இப்படி. மணி அடிக்கும், கதவை அடைப்பார்கள், இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. பொத்தான் வேலை செய்யாவிட்டால் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். 2024 டிசம்பர் 17ல் ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்தபோது பலகையில் 220க்கு 149 என்று காட்டியது. சீட்டுகளைச் சேர்த்த பிறகு 269க்கு 198. இந்த மாதிரி நாட்களில் மட்டும் குறிப்பின் நடுவே பெயர்ப் பட்டியல் முழுசாக இருக்கும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும் என்பதால் டிவிஷன் கட்டாயம். மகளிர் இட ஒதுக்கீடு 2023 செப்டம்பர் 20ல் 454க்கு 2 என்று போனது அப்படித்தான். வக்பு திருத்தம் சாதாரண மசோதாதான், ஆனாலும் டிவிஷன் நடந்தது, 2025 ஏப்ரலில் 288க்கு 232.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 14ல் மக்களவையில் இடைநீக்கம் செய்யப்பட்ட 13 பேரில் வெங்கடேசனும் உண்டு, விருதுநகர் மாணிக்கம் தாகூரும் உண்டு. அவைக்குள் ஆட்கள் குதித்த சம்பவத்துக்கு உள்துறை அமைச்சர் விளக்கம் தரவேண்டும் என்று கேட்டதற்காக. அந்தக் கூட்டத்தொடரில் இரண்டு அவையிலும் சேர்த்து 146 பேர் வெளியே. அடுத்த வாரத்தில்தான், டிசம்பர் 20ல், இந்திய தண்டனைச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலான மூன்று குற்றவியல் சட்டங்கள் மக்களவையில் நிறைவேறின. நாளைக்கு உங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற எஃப்.ஐ.ஆர். அந்தச் சட்டப்படி. அதற்கு மதுரையின் ஓட்டு எந்தப் பக்கமும் இல்லை.

திருமங்கலம் ரோடு:

இவ்வளவு பார்த்து என்ன ஆகப்போகிறது? கட்சி கொறடா சொன்னபடிதான் எல்லாரும் பொத்தானை அழுத்துகிறார்கள். எம்.பி. என்றால் ரயில் கொண்டுவந்தாரா, தோப்பூர் எய்ம்ஸுக்கு என்ன செய்தார் என்று பார்த்தால் போதும். அடிக்கல் 2019 ஜனவரியில் நட்டது.

தெற்கு மாசி வீதி:

எய்ம்ஸ் கேள்வி நியாயம். ஆனால் தோப்பூர் திருப்பரங்குன்றம் பக்கம். திருப்பரங்குன்றமும் உங்கள் திருமங்கலமும் விருதுநகர்த் தொகுதியில் சேர்ந்தவை, அங்கே எம்.பி. மாணிக்கம் தாகூர். ரயில் எல்லாருக்கும் பொது.

கொறடா பற்றிச் சொன்னது பெரும்பாலும் உண்மை. 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம். அதனால் ஒருவரின் ஓட்டை வைத்து அந்த ஆளை எடை போட முடியாது, கட்சியைத்தான் போடலாம். ஆளைத் தெரிந்துகொள்ள அவர் கேட்ட கேள்வியைப் பாருங்கள், துணைக் கேள்வியைப் பாருங்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். இந்தியில் வந்த பதில் கடிதத்தை எதிர்த்து வெங்கடேசன் நம் உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். ஆங்கிலத்தில் மனு கொடுத்தால் ஒன்றிய அரசு ஆங்கிலத்தில்தான் பதில் தரவேண்டும் என்று 2021ல் தீர்ப்பு வந்தது. எந்த ஓட்டுப் பட்டியலிலும் இது வராது.

ஆனாலும் ஓட்டு முக்கியம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மதுரைக்காரர்கள் 1999 ஏப்ரல் 17ஐ மறக்கக் கூடாது. வாஜ்பாய் அரசின் நம்பிக்கைத் தீர்மானம், ஆதரவு 269, எதிர்ப்பு 270. அன்றைக்கு மதுரை எம்.பி. சுப்பிரமணியன் சுவாமி. ஜனதா கட்சிக்கு அந்த அவையில் அவர் ஒருவர்தான், அவருக்குக் கொறடாவும் இல்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டார், அரசு விழுந்தது. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் நம் ஊரில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் பெயரோடு பதிவாகியிருக்கிறது. அதுதான் எனக்கு வேண்டும். 2023 ஆகஸ்ட் 10ல் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பாருங்கள், எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்ய, குரல் வாக்கெடுப்பிலேயே தோற்றது. பட்டியல் இல்லை. என் பேத்தி பெரியவளாகி மதுரை என்ன செய்தது என்று கேட்டால் எதைக் காட்டுவது?

உசிலம்பட்டி:

அக்கா, நாங்கள் மதுரை மாவட்டம்தான், ஆனால் உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனித் தொகுதி. 2019ல் ஜெயித்த ஓ.ப. ரவீந்திரநாத் மக்களவையில் அ.தி.மு.க.வுக்கு ஒரே ஆள். குடியுரிமைத் திருத்தத்துக்கு அவர் ஆதரித்து ஓட்டுப் போட்டது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஜமாத்தில் கேட்டார்கள், அவரும் பதில் சொல்ல வேண்டி வந்தது. டிவிஷன் நடந்ததால்தானே?

தெற்கு மாசி வீதி:

ஆமாம் தம்பி. 2019 டிசம்பர் 9 நள்ளிரவு, 311க்கு 80. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் 125க்கு 105, அதில் அ.தி.மு.க.வின் 11 பேரும் ஆதரவு. அந்தக் கணக்கை இன்றுவரை தேர்தல் மேடையில் பேசுகிறார்கள். ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் தப்பிக்க வழியில்லை.

மேலூர் ஒருபோகம்:

நன்றி அம்மா. அப்படியென்றால் டிவிஷன் வேண்டும் என்று யார் கேட்க வேண்டும்? நம் எம்.பி. ஒருத்தரே கேட்டால் நடக்குமா?

தெற்கு மாசி வீதி:

கேட்கலாம். சபாநாயகர் அறிவித்த முடிவை ஓர் உறுப்பினர் எதிர்த்தால் டிவிஷனுக்குப் போக வேண்டும் என்று விதி 367 சொல்கிறது. தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால், எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம், அப்போது பெயர் ஏறாது. ஆனாலும் கேட்டவர் யார் என்பது குறிப்பில் நிற்கும். தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும், அது முக்கியம்.

ஆகவே கனிமச் சட்டத்தில் அடுத்த திருத்தம் வருகிற செய்தியைப் பார்த்தவுடனே உங்கள் ஊர் கிராம சபையில் தீர்மானம் போட்டு எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இன்ன மசோதா, இன்ன உட்பிரிவு, டிவிஷன் கேளுங்கள் என்று மூன்று வரி போதும். மாநிலங்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும். 2023 ஜூலை 28ன் மக்களவைக் குறிப்பு நாடாளுமன்றத் தளத்தில், விவாதங்கள் பகுதியில், தேதி வாரியாக இருக்கிறது. டீக்கடையில் வைக்க ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.