வந்ததைச் சொன்னோம், போனதையும் சொல்லுங்கள்: மாசி, பங்குனிப் பறவை அனுபவங்கள்

சென்னையிலிருந்து

புரட்டாசியில் குளிர்காலத்துக்காக வடக்கிலிருந்து முதல் வாலாட்டிக் குருவி வந்து இறங்கினால் அன்றைக்கே நாலு பேர் படம் போட்டுவிடுகிறார்கள். அதே வாலாட்டி பங்குனியில் கிளம்பிப் போனதை ஒருவரும் எழுதுவதில்லை. வருவது கண்ணில் படும். போவது, 'என்ன, கொஞ்ச நாளாகக் காணோமே' என்று யோசிக்கும்போதுதான் உறைக்கும். அதனால் இந்த முறை கிளம்புகிற பறவைகளைப் பற்றி மட்டும் எழுதுவோம். போகும் முன் என்ன மாற்றம் தெரிந்தது, கடைசியாக எந்த வாரம் பார்த்தீர்கள், இரண்டும் வேண்டும்.

நானே ஆரம்பிக்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பில் ரேடியல் சாலை ஓரம் நின்றாலே நீள அலகுள்ள கருவால் மூக்கன் கூட்டம் தெரியும். மார்கழியில் எல்லாம் ஒரே சாம்பல். பிப்ரவரி கடைசியில் ஒன்றிரண்டுக்குக் கழுத்தில் செங்கல் நிறம் ஏறும். மார்ச்சில் பார்த்தால் முழுக்கச் சிவந்தது, பாதி சிவந்தது, இன்னும் சாம்பலாகவே இருப்பது எல்லாம் ஒன்றாக நின்று மேயும். இன்னொன்றும் கவனித்தேன். உச்சி வெயிலில் ஒற்றைக்காலில் நின்று தூங்குகிற கூட்டம் இப்போது மதியத்திலும் சேற்றைக் கிளறுகிறது. பகல் நீள நீள அவற்றின் உடம்பு கொழுப்பைச் சேர்க்க ஆரம்பித்துவிடும். வழிச்செலவுக்கு அதுதான் கையிருப்பு. அடிவயிறு உருண்டு தெரிந்தால் புறப்பாடு நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வால்பாறையிலிருந்து

எங்கள் எஸ்டேட் ஓடைக்குக் கருஞ்சாம்பல் வாலாட்டி செப்டம்பரிலேயே வந்துவிடும். குளிர்காலம் முழுக்கத் தொண்டை வெள்ளைதான். மார்ச் பிற்பாதியில் ஆண் பறவைக்குத் தாடைக்குக் கீழே கறுப்பு அரும்பும், பத்தாம் வகுப்புப் பையனுக்கு மீசை முளைக்கிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக. அந்தக் கறுப்பு நிறைந்து முடிந்ததோ இல்லையோ, ஆளைக் காணோம். இமயமலை ஓடைகளிலும் அதற்கு வடக்கேயும்தான் கூடு கட்டும் என்பதால் முழுக் கறுப்புத் தொண்டையை நாம் பார்ப்பது சில நாட்கள்தான். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கேமராவோடு ஓடைக்குப் போய்விடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து

சென்னை அண்ணன் சொன்ன நிறமாற்றம் பற்றி ஒன்று. கருவால் மூக்கன் சிவப்பது புது இறகு முளைப்பதால். எங்கள் பக்கம் கூட்டம் கூட்டமாகத் திரிகிற சூறைக்குருவி கதை வேறு. அதன் இறகு நுனிகளில் மங்கலான ஓரம் உண்டு. குளிர்காலம் முழுக்க உரசி உரசி அந்த ஓரம் தேய்ந்து போக, அடியில் இருந்த ரோஜா நிறம் வெளியே வருகிறது. நவம்பரில் அழுக்குப் படிந்தது போல இருந்த பறவை மார்ச்சில் பளிச்சென்று ஆவதற்குப் புது இறகு தேவையில்லை. கல்யாண முருங்கை பூத்திருக்கும்போது மரத்தடியில் நின்று பாருங்கள். பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துவிட்டு நிமிர்ந்தால் நெற்றி முழுக்க மகரந்தம் அப்பியிருக்கும். அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அடுத்த பூவுக்கு அடிதடி. சத்தம் காதைத் துளைக்கும்.

சாயங்காலம் அடையப் போகும்போது இவை ஆகாயத்தில் போடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். ஐந்தரை மணிக்குமேல் சின்னச் சின்னக் கூட்டங்களாக வந்து சேரும். பெரிய கூட்டமானதும் ஒருமுறை சுருங்கும், ஒருமுறை விரியும், பிறகு மொத்தமும் சீமைக் கருவேலங்காட்டுக்குள் கொட்டிவிடும். பைரி என்ற வேட்டைப் பறவை ஒன்று நடுவில் புகுந்தால் கூட்டம் இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டுவதைப் பார்க்கலாம். பிப்ரவரி, மார்ச்தான் இதற்கு நல்ல நேரம். ஏப்ரலில் மளமளவென்று குறைந்துவிடும். மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி பெருகும் காலத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே.

கூந்தன்குளத்தையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் சரணாலயமானது. ஊர்த்தெரு மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும், ஊர்க்காரர்கள் அதட்டக்கூட மாட்டார்கள். அங்கே வெளியூர்க்காரர்கள் தேடி வருவது வரித்தலை வாத்தை. பகலில் குளத்தில் சும்மா கிடக்கும், பொழுது சாய்ந்ததும் வயல்களுக்கு மேயப் போகும். வழக்கமாகப் பனை உயரத்தில்தான் பறக்கும். மார்ச்சில் ஒரு சாயங்காலம் ஒரு கூட்டம் அப்படிப் போகாமல் குளத்துக்கு மேலேயே வட்டமடித்தது. ஒவ்வொரு சுற்றிலும் உயரம் கூடியது. 'ங்காங், ங்காங்' என்று கூப்பிட்டுக்கொண்டே வரிசை பிடித்து வடக்கே போய்விட்டது. மங்கோலியாவுக்கே கிளம்பியதா, பக்கத்துக் குளத்துக்கு மாறியதா என்று அடித்துச் சொல்ல முடியாது. மறுநாள் காலையில் குளத்தில் பாதிதான் இருந்தது.

மங்கோலியா என்று சும்மா சொல்லவில்லை. அங்கே கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் பதிவாகியிருக்கின்றன. கருவி பொருத்திப் பார்த்த ஆய்வில் இமயமலைப் பகுதியில் 7,290 மீட்டர் வரை ஏறியது தெரிந்தது. ஆனால் பெரும்பாலும் தாழ்வான கணவாய், பள்ளத்தாக்குகளை ஒட்டியே கடக்கின்றன. எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் என்பதெல்லாம் மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து

எனக்குக் குளம், சதுப்பு எல்லாம் போக வசதியில்லை. மாமியாருக்கு உடம்பு முடியாது, வீட்டைவிட்டு நகர முடியாது. கொல்லையில் மருதாணியும் மாதுளையும் இருக்கின்றன, எனக்கு அது போதும். அங்கே குளிர்காலம் முழுக்க ஒரு பிளித் நாணல் கதிர்க்குருவி இருக்கிறது. 'ட்சக், ட்சக்' என்று சத்தம் மட்டும் வரும், ஆள் வெளியே வராது. மார்ச் பிறந்ததும் அதே புதருக்குள்ளிருந்து பாட்டு! முதலில் முனகல், போகப் போக ஒவ்வொரு வரியையும் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பாடுகிறது. நடுநடுவே மற்ற பறவைகளின் குரலையும் சேர்த்துக்கொள்கிறது. கூடு கட்டப் போகிற இடத்தில் பாட வேண்டியதை இங்கேயே ஒத்திகை பார்க்கிறது என்று நினைக்கிறேன். பாட்டு நின்ற வாரத்தைத்தான் நான் கடைசியாகப் பார்த்த வாரம் என்று காலண்டரில் எழுதுகிறேன். பார்ப்பதைவிடக் கேட்பதில் துல்லியம் அதிகம்.

ஏப்ரலில் ஒருநாள் விடியற்காலை துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆறுமணிக்குருவி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, வயிற்றில் சிவப்பு, கண்ணில் மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை. கிட்டே போனாலும் நகரவில்லை. பிள்ளைகள் தண்ணீர் கொடுக்கலாம் என்று ஓடிவந்தார்கள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சென்னையிலிருந்து

அக்கா, வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இது இரவில் பறக்கிற பறவை. கண்ணாடியில் மோதியோ களைத்தோ விடியும்போது இறங்கியிருக்கும். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிடுங்கள். பூனை, காக்கை வராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தெளிந்துவிட்டால் பொழுது சாயும் நேரம் மரநிழலில் பெட்டியைத் திறங்கள். சிறகு தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் மழைக்காலத்தில் கூடு கட்டப் போகிற பறவை, ஏப்ரலில் உங்கள் கொல்லையில் இறங்கியதில் ஆச்சரியமில்லை.

மன்னாரிலிருந்து

வணக்கம். உங்கள் பக்கம் வரும் பறவைகளில் கொஞ்சம் எங்களிடமிருந்துதான் கிளம்புகின்றன. இலங்கைக்குத் தெற்கே போனால் அண்டார்டிகா வரைக்கும் கடல்தானே. வங்காலைப் பக்கம் ஊசிவால் வாத்து தை மாதத்தில் தண்ணீரை மறைத்துக் கிடக்கும். மார்ச் முடிய முன்னமே வெறுந்தண்ணீர்தான். கடற்காகங்கள் கொஞ்சம் பிந்தித்தான் போகும். 2021இல் மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பூட்டின ஒரு கடற்காகம் ஏப்ரலில் வெளிக்கிட்டு, இந்தியாவைக் கடந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய், அந்த வருடக் கடைசியிலேயே திரும்ப மன்னாருக்கே வந்து சேர்ந்தது. அந்தச் செய்தி வந்த பிறகு மீன்வாடியில் நிற்கிற கடற்காகத்தைக் கல்லெறிந்து கலைக்க எனக்கு மனம் வருவதில்லை. அம்மாவுக்கு அந்தச் சிக்கல் எல்லாம் இல்லை, கருவாட்டில் வாய் வைத்தால் துடைப்பம்தான்.

வேதாரண்யத்திலிருந்து

ஒரு சந்தேகம். கோடியக்கரை முனியப்பன் ஏரிப் பக்கம் நான் அடிக்கடி போவேன். ஏப்ரலில் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக் கூட்டம் கரைந்துவிடும். அலகு வளைந்த உள்ளான்கள் சில நல்ல துருச்சிவப்பாகி அவையும் போய்விடும். சரி. ஆனால் ஜூனிலும் சில உள்ளான்கள் சாம்பலாகவே சேற்றில் நிற்கின்றனவே? அடிபட்டவையா?

திருநெல்வேலியிலிருந்து

அடிபட்டது ஒன்றிரண்டு இருக்கலாம் தம்பி, ஆனால் அதில் பெரும்பாலானவை போன கோடையில் பிறந்த குஞ்சுகள். இன்னும் ஒரு வயதுகூட நிறையாத பறவை அவ்வளவு தூரம் போய்க் கூடு கட்டும் நிலையில் இருக்காது. அதனால் முதல் வருஷம் இங்கேயே தங்கிவிடும், நிறமும் மாறாது. அவற்றை எண்ணி வையுங்கள். ஜூன், ஜூலையில் கோடியக்கரைக்கு யாருமே போவதில்லை என்பதால் அந்த மாதப் பட்டியல்கள் மிகக் குறைவு. பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றும்போது பார்த்த பறவை எல்லாவற்றையும் போட்டு முழுப் பட்டியலாகக் கொடுங்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை கிளம்பிவிட்டது என்று பின்னால் ஒருவர் கணக்கெடுக்க முடியும். ஆகஸ்டில் வளர்ந்த உள்ளான்கள் முதலில் வடக்கிலிருந்து திரும்பும்போது, மார்பில் பாதிச் சிவப்பு ஒட்டியிருப்பதை வைத்து அவற்றைத் தனியாகப் பிரித்துவிடலாம்.