பேஸ் கிட்டாரின் பிக்கப்புக்கு ஒரு சொல் வேண்டும்

ஹட்டன், சங்கீத ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கான பேஸ் கிட்டார் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் பிக்கப்புக்கு, அதாவது தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் உறுப்புக்கு, ஒரு சொல் வேண்டும்.

எங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் இரண்டு பேஸ் கிட்டார்கள் வாங்கித் தந்திருக்கிறார்கள். ஒன்று ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் அமைப்பு. 1951இல் முதலில் வந்தபோது அதில் இருந்தது ஒற்றைச் சுருள் பிக்கப். 1957இல் அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சற்று முன்னும் மறு பாதியைச் சற்றுப் பின்னுமாக வைத்தார்கள். எங்களிடம் இருப்பது அந்தப் பிளந்த வகை. மற்றது 1960இல் வந்த ஜாஸ் அமைப்பு. அதில் நீளமான பிக்கப் இரண்டு.

பதினோராந் தரத்துப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். மலையகத்துக் காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடித்துப் பழகியவர்களுக்குப் பிரிசிஷனின் தடித்த, நெஞ்சில் வந்து விழும் ஒலிதான் வேண்டும். மற்றவர்கள் ஜாஸின் பின் பிக்கப்பில் ஒவ்வொரு சுரமும் நறுக்கென்று பிரிந்து கேட்கிறது என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு என்பதைத்தான் கையேட்டில் எழுதுகிறேன். தந்தி தாங்கும் கட்டைக்குக் ‘குதிரை’, கழுத்துக்குத் ‘தண்டி’, விரல் வைக்கும் இடத்துக்கு ‘மெட்டு’ என்று வீணையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். பிக்கப்புக்கு மட்டும் வீணையில் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘ஒலிவாங்கி’ என்று எழுதிவிடலாமா?

தலவாக்கலை, பேஸ் வாசிப்பவர், பழுதுபார்ப்பவர்:

டீச்சர், ஒலிவாங்கி வேண்டாம். அது மைக். பிக்கப் ஒலியை வாங்குவதே இல்லை.

ஒரு தம்பி தன் கிட்டாரை என்னிடம் கொண்டுவந்தான். நாலாவது தந்தி அறுந்து, அந்த இடத்தில் மீன் பிடிக்கும் நைலோன் கட்டியிருந்தான். மீட்டினால் காதுக்கு மெல்லக் கேட்டது. அம்ப்ளிபயரில் சத்தமே இல்லை. மற்ற மூன்று தந்திகளும் ஒழுங்காகப் பேசின. பிக்கப்பில் பழுது என்று நினைத்து வந்தவனுக்கு, காந்தத்துக்கு நைலோன் தெரியாது என்று காட்டிக் கொடுத்தேன்.

உள்ளே இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான். கம்பி தலைமயிரைவிட மெல்லியது, ஆயிரக்கணக்கான சுற்று. அறுந்த நுனியைத் தேட விரலை ஈரமாக்கித் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நூல் விரலில் ஒட்டிக்கொண்டு எழும்பும். அதைப் பற்றவைத்து முடிப்பதற்குள் மூச்சை எத்தனை தடவை பிடித்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

என் வாக்கு ‘பிக்கப்’புக்கே. எங்கள் பாட்டன்மார் தோட்டத்தில் ‘பரேட்’டைப் பெரட்டு, ‘கொன்ட்ராக்ட்’டைக் கொந்தரப்பு என்று ஆங்கிலத்தைத் தங்கள் வாய்க்கு வளைத்துக்கொண்டார்கள். அவை இன்று நம் சொற்கள்.

பேராதனை, தமிழ் ஆய்வு மாணவர்:

அண்ணன் சொல்லும் பெரட்டும் கொந்தரப்பும் விரும்பி எடுத்தவை அல்ல, தலையில் ஏற்றப்பட்டவை. பாடசாலைக் கையேட்டுக்கு அவை முன்மாதிரி ஆகா. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் விபுலாநந்த அடிகள். 1947இல் யாழ்நூலை வெளியிட்ட அவரே கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தவர். அவர் வழியில் போனால் பத்தர், கோடு, திவவு, நரம்பு என்று யாழின் உறுப்புப் பெயர்கள் காத்திருக்கின்றன. நான் தருவது ‘நரம்புகவர்வி’.

இன்னொன்று. சங்க நூலான பொருநராற்றுப்படை யாழின் பத்தரை, அதாவது ஒலிக்குடத்தை, குளம்பு பதிந்த தடத்துக்கு ஒப்பிட்டு, கவடுபட்டது, அதாவது பிளவுபட்டது, என்கிறது. பிரிசிஷனின் பிளந்த சுருளை மேலிருந்து பாருங்கள். அதற்குக் ‘கவட்டுச் சுருள்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் இருக்காது.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்:

தம்பி, கவட்டுச் சுருளை இரு கையாலும் ஏற்கிறேன். நரம்புகவர்வியை ஏற்க முடியாது. யாழுக்குக் கட்டியது விலங்கின் நரம்பு. அதை இந்தக் காந்தத்தின் மேல் கட்டினால் தலவாக்கலைத் தம்பியின் நைலோனுக்கு ஆன கதிதான். இந்தக் கருவி உலோகத் தந்தியை மட்டுமே அறியும். காந்தமேறிய உருக்குத் தந்தி அசையும்போது சுருளினூடாகச் செல்லும் காந்தப்புலம் மாறுகிறது; அந்த மாற்றம் சுருளில் மின்னைத் தூண்டுகிறது. 1831இல் விஞ்ஞானி பரடே கண்டது இதுவே. ஆகவே ‘தந்தியுணரி’.

டீச்சரின் பிள்ளைகளுக்கும் விடை இதற்குள் இருக்கிறது. குதிரையை நெருங்க நெருங்கத் தந்தியின் வீச்சு குறைகிறது. அங்கே அடிச்சுரம் மெலிந்து, அதனோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்றொனிகள் முன்னுக்கு வருகின்றன. தண்டிப் பக்கம் போனால் அடிச்சுரம் திரள்கிறது. ஒரு மேற்றொனியின் கணு, அதாவது அதற்குத் தந்தி அசையாமல் நிற்கும் புள்ளி, எங்கே விழுகிறதோ அங்கே வைத்த உணரிக்கு அந்த மேற்றொனி கேட்காது. தப்பை நடுவில் அடிப்பதற்கும் ஓரத்தில் அடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் அறிந்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். இரு கட்சியும் சரி. கேட்கும் இடம்தான் வேறு.

பதுளை, மொழிபெயர்ப்பாளர்:

‘வாங்கு’ என்பதை இவ்வளவு விரைவில் கைவிட வேண்டுமா? பழந்தமிழில் அதற்கு வளைத்தல், இழுத்தல் என்ற பொருள் உண்டு. வாங்குவில் என்றால் வளைத்த வில். காந்தம் இரும்பை வாங்குகிறது. ‘அதிர்வுவாங்கி’ என்றால் இரண்டு பொருளும் வந்துவிடும். நம் வகுப்பறையில் பிள்ளைகள் உட்காரும் வாங்கு வேறு, அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்.

பேராதனை:

தந்தி வடசொல் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லையே. ‘உணரி’யும் எனக்கு உறுத்துகிறது. தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வகுக்கும்போது ஓரறிவு உயிருக்கே உற்றறிதலைத் தருகிறது. செப்புச் சுருளுக்கு எந்த அறிவு?

பண்டாரவளை:

வெப்ப உணரி, ஒளி உணரி என்று உணரி வெகுநாளாகப் புழங்குகிறது. அந்த வாதம் காலம் கடந்தது. தந்தி வடசொல்தான். வீணை வாசிக்கும் தமிழர் ஒருவரும் அதற்காக அதை விடவில்லை.

தலவாக்கலை:

சொல் எதுவானாலும் ஓர் இடத்தைக் கையேட்டில் விட்டுவிடாதீர்கள், டீச்சர். கோயில் திருவிழா மேடையில் மின்பிறப்பாக்கிக்கும் குழல் விளக்குக்கும் பக்கத்தில் நின்று, ஜாஸின் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை கூடவே வரும். இரண்டையும் ஒரே அளவுக்குத் திறந்தால் அடங்கும். இரண்டிலும் கம்பி சுற்றிய திசையும் காந்த முனையும் எதிரெதிர் என்பதால் தந்தியின் ஒலி கூடும், அந்த ஓசை ஒன்றையொன்று தின்றுவிடும். பிரிசிஷனின் இரண்டு பாதிகளும் அப்படித்தான், அதனால் அது எப்போதுமே அமைதி. என் கட்சி எது என்று இப்போது தெரிந்திருக்கும். அந்த ஓசைக்கு என்ன சொல்?

பேராதனை:

முரல்வு. வண்டு முரலும்.

ஹட்டன்:

முரல்வுக்கு எதிர்ப்பே வரவில்லை, எடுத்துக்கொண்டேன். கவட்டுச் சுருளும் போகிறது. படத்தைக் காட்டியபோது ஒரு பிள்ளை தானாகவே “மாட்டுக் குளம்பு மாதிரி இருக்கிறது, டீச்சர்” என்றாள். பிக்கப்புக்குத் தந்தியுணரி. மூவர் சரி என்றிருக்கிறீர்கள், அதில் இருவர் தனி மடலில். முதல் பக்கத்தில் ஒரு தடவை ‘பிக்கப் எனப்படும் தந்தியுணரி’ என்று எழுதி, பிறகு தந்தியுணரி மட்டும். ‘தண்டிப் பக்கத் தந்தியுணரி’ என்று வாய்விட்டுப் படித்தால் நாக்குச் சற்று இடறுகிறது. ஆனாலும் அச்சகம் காத்திருக்காது.

பேராதனை:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

தலவாக்கலை:

எனக்கு இரண்டு பிரதி அனுப்புங்கள், டீச்சர். பழுதுபார்க்கும் மேசையில் வைக்கிறேன். வருகிற பிள்ளைகள் எந்தச் சொல்லைச் சொல்லி உதிரிப்பாகம் கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் பார்த்து எழுதுகிறேன்.